எழுத மறுத்த டிஸ்க்

அண்ணியின் ராஜ்ஜியம் போட்டோ ஸ்டுடியோவின் பின்னறை. வாடிக்கையாளர் கண்ணில் படுவதெல்லாம் கேமராவோடு நிற்கும் கொழுந்தன்தான். எடுத்த படங்கள் போய்ச் சேருவதோ பின்னறை லினக்ஸ் கம்ப்யூட்டரில். சில தடவைக்கு ஒருதரம், ஆன் செய்ததும் டிஸ்க் முழுக்கத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்படி அண்ணி அதைப் பழக்கியிருந்தாள். "படம் அழிஞ்சிடுச்சு" என்று யாரிடமும் சொல்ல அவளுக்கு வாய் வராது.

கொழுந்தனுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. "ஆள் வந்து நிக்கிறாங்க, இது உக்காந்து எண்ணிக்கிட்டிருக்கு அண்ணி!" என்று குதிப்பான். அண்ணி வெளியே போயிருந்த ஒருநாள், ஒரே வரி தட்டி அந்தச் சோதனையை நிறுத்திவிட்டான். மறுநாள் கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்தது. பெரிய சாதனை செய்த மாதிரி மனசுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டான், வெளியே மூச்சு விடவில்லை.

பிறகு ஒருநாள் காலை, மருந்துக்கடைக்காரம்மா வந்தாள். கணவர் தவறிவிட்டார். பேரனோடு அவர் கடைசியாக எடுத்துக்கொண்ட படம் இங்கேதான் இருந்தது, பெரிதாக்கித் தரவேண்டும். கொழுந்தன் படத்தைத் தேடினால் அந்த ஃபோல்டரே திறக்கவில்லை. டிஸ்க் பழுது, இனி இதில் எதையும் எழுத முடியாது என்றது திரை. அவன் டிஸ்க்கை வலுக்கட்டாயமாக எழுதவைக்கத் தட்டப் போனான்.

"கையை எடு தம்பி!"

அண்ணி கத்தி அவன் கேட்டதே இல்லை. அவள் உட்கார்ந்து, டிஸ்க்கில் எதையும் மாற்றாமல், உள்ளே இருந்ததை வேறொரு டிஸ்க்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகலெடுத்தாள். நடுவில் அது திணறினால் நிறுத்தினாள், மறுபடி ஆரம்பித்தாள். என்ன நிதானம் அவளுக்கு! கடைசியில் திரையில் பேரனைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அதன்பிறகே பழைய டிஸ்க்கைச் சோதனைக்கு விட்டாள். பிழைகள் திரை நிறைய ஓடின.

"இதுக்கு மேல எழுதியிருந்தா படம் போயிருக்கும்," என்றாள்.

அவன் குரல் இறங்கியது. "சோதனையை நிறுத்தினது நான்தான் அண்ணி."

"தெரியும். அன்னைக்கே பாத்தேன்."

"ஏன் திட்டல?"

"நான் திரும்பப் போட்டா நீ திரும்ப நிறுத்துவ. உன்னோட யாரு மல்லுக்கு நிக்கறது? அதான், பிழைன்னு ஒண்ணு கண்டா உடனே எழுதறதை நிறுத்துன்னு டிஸ்க்குக்குச் சொல்லி வச்சேன்."

கொழுந்தன் படத்தை அச்செடுத்து முன்னறைக்குக் கொண்டுபோனான். மருந்துக்கடைக்காரம்மா கணவரின் கோணல் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து அழுதபடியே சிரித்தாள். "நல்லா இருப்ப தம்பி. பத்திரமா வச்சிருந்தியே."

"நான் இல்லம்மா, எங்க அண்ணி," என்றான் அவன். "என்கிட்ட இருந்துதான் காப்பாத்தினாங்க."