எதிரில் உட்கார ஆள் இல்லை

பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பேசப் பயிற்சி கொடுப்பது என் தொழில். இதில் முதலில் தொண்டை வறள்வது எனக்குத்தான். என்னைப் போலவே நோயாளிகளின் வீடு வீடாக ஏறி இறங்கும் உங்களுக்கு இந்தப் பாடு புரியும்.

அரை மணி நேரம்

மேனாம்பேட்டில் தனசேகர் அண்ணன். லேத் பட்டறை வைத்திருந்தவர். அந்த இரைச்சலையும் மீறிக் கேட்குமாம் அவர் குரல். இப்போது 'ஆ, ஊ' தவிர ஒன்றும் வரவில்லை.

"தினம் அரை மணி நேரம் யாராவது எதிரில் உட்கார்ந்து பேசுங்கள். அவர் வார்த்தையைத் தேடுவார், காத்திருங்கள். இந்த முதல் சில மாதங்களை விட்டால் அப்புறம் ரொம்பக் கஷ்டம்" என்றேன். மனைவி செல்வி கண்கலங்கித் தலையாட்டினார். மகன் பிரபு போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பண்ணிக்கலாம் மேடம். லிங்க் இருந்தா அனுப்புங்க."

உள்ளே ஒரு குரல்

அடுத்த முறை படியேறும்போதே உள்ளே ஒரு பெண் குரல்: "சொல்லுங்க அண்ணே, தண்ணி." அட, செல்வி அக்கா பரவாயில்லையே என்று சந்தோஷமாகப் போனால், பேசிக்கொண்டிருந்தது நான்! போன வாரம் நான் பேசியதை பிரபு ரெக்கார்ட் பண்ணி, அவர் முன்னால் ஓடவிட்டிருக்கிறான். அவன் மாடியில். அக்கா இன்னொரு போனில் சீரியல் பார்க்கிறார்.

அண்ணன் வாயைக் கோணிக் கோணி 'த' என்பதற்குள் ரெக்கார்டிங் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டது. கத்தியே விட்டேன். அக்காவுக்கு என் கோபமே புரியவில்லை.

"காலைலருந்து உங்க குரலுதான் பேசிகினு கீது மேடம். நாங்க நடுவுல ஒரு வார்த்த பேசல!"

அந்தப் பேர்

ஒரு மாதம் போராடினேன். ஒருநாள் சமையலறைப் பக்கம் பார்த்து அண்ணன் தெளிவாகக் கூப்பிட்டார்: "செல்வி."

ஓடிப்போய் அக்காவின் தோளைத் தொட்டேன். காதிலிருந்து இயர்போனை எடுத்து "இன்னா மேடம்?" என்றார். சொன்னதும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அதற்குள் பிரபுவும் வந்து போனை அப்பா முகத்துக்கு நேரே நீட்டினான். "இருப்பா, வீடியோ எடுக்கிறேன். இப்ப சொல்லு."

அண்ணன் வாயைத் திறந்தார். வரவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னான். கண்ணில் தண்ணீர் முட்ட, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் எத்தனை முறை போயும் வாயைத் திறக்கவில்லை. கடைசியாகப் போன அன்று அக்கா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஊடே அதிர்றா மாதிரி என் பேர சொல்லி கூப்டுவாரு மேடம். அன்னிக்கு சொன்னது மட்டும் என் காதுல உழல."

பேசச் சொல்லிக்கொடுக்கத்தான் நான் படித்தேன். பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்க வைக்கும் படிப்பு எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள், ஃபீஸ் கட்டிச் சேர்ந்துவிடுகிறேன்.