சுவருக்கு டச்சிங்

ஆபத்தான கட்டடத்தை இடிக்கும் முன், அதன் நிலையைக் காட்டும் புகைப்படத்தைக் கோப்பில் இணைத்து மேலிடத்தின் அனுமதி பெற வேண்டும். இது விதி. நகராட்சியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் வாரமே இதை மனப்பாடம் செய்துவிட்டேன். மனைவியின் பிறந்தநாள்தான் இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.

போன வாரம் பழைய தஞ்சாவூரின் புகைப்படங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு சந்து, அதில் ஓங்கி நிற்கும் ஒரு சுவர். "எவ்வளவு அழகா இருக்கு! இதைப் போயி இடிச்சிருக்காங்களே, பாவிங்க" என்றது ஒரு பெண். அந்தப் பாவி பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். மூக்கில் ஸ்டூடியோ இருட்டறையின் புளித்த வாடை ஏறியது.

ஸ்டூடியோக்காரர் மாணிக்கத்தின் சட்டையில் எப்போதும் அந்த வாடைதான். வரன் பார்க்க அனுப்பும் படங்களில் அம்மைத் தழும்பை நெகட்டிவிலேயே பென்சிலால் டச்சிங் செய்து மறைத்துவிடுவார். ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு அவர்தான் பொறுப்பு. என் மாமனார் நம்பியதும் அவர் எடுத்த படத்தைத்தான்.

அந்தச் சுவர் பாக்கியம் டீச்சரின் சமையலறைக் கூரைப் பக்கம் சாய்ந்திருந்தது. அதன் சொந்தக்காரர்கள் ஊரைவிட்டுப் போய் வெகுகாலம். விரிசலில் ஓர் அரசங்கன்று வேறு.

"தாளிக்கும்போது ஒரு கண்ணு கடாயில, ஒரு கண்ணு கூரையில இருக்கு சார். சீக்கிரம் இடிங்க."

மாணிக்கம் படம் எடுத்தார், கோப்பு போனது, திரும்பியது: 'கட்டடம் நல்ல நிலையில் உள்ளது. இடிக்கக் காரணம் என்ன?'

அப்போதுதான் படத்தைப் பார்த்தேன். படம் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே விதி, படத்தைப் பார்ப்பது அல்ல. விரிசல் இல்லை, அரசங்கன்று இல்லை. சுவர் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது.

"என்னங்க மாணிக்கம், விரிசல் எங்க?"

"டச்சிங்ல எடுத்துட்டேன் சார். கேமராவக் கொஞ்சம் சாய்ச்சு வச்சேன், சாய்வும் போயிடுச்சு."

"உள்ளத உள்ளபடி எடுங்க."

"அப்புறம் ஸ்டூடியோ பேரு என்னத்துக்கு ஆவுறது?"

சண்டை போட்டு வேறு படம் வாங்கி அனுப்பினேன். மேலிடம் கேட்டது: 'இரண்டும் ஒரே கட்டடம்தானா? உறுதி செய்யவும்.' உறுதி செய்தோம். பிறகு சத்தமில்லை.

ஐப்பசி அடைமழையில் டீச்சர் ஐந்தாவது மனுவோடு வந்தார். "உக்காருங்க டீச்சர், சூப்பரண்டு டீ குடிக்கப் போயிருக்காரு" என்றேன். ஆற அமரக் குடிப்பவர் அவர். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் சுவர் தானாகவே சமையலறைமேல் விழுந்துவிட்டது.

"நீங்க உக்கார வச்சதாலதான் சார் பொழச்சேன்" என்றார் டீச்சர். தாமதத்துக்காக நான் வாங்கிய ஒரே நன்றி அதுதான்.

சமையலறை போயிற்று. பிறகு டீச்சர் வீடு, மாணிக்கம், அவர் ஸ்டூடியோ எல்லாம் போயின. சந்து இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த செல்போன் கடை. மிஞ்சியது கண்காட்சிப் படத்தில் நிற்கும், டச்சிங் செய்த அந்தச் சுவர் மட்டும்தான்.

இடிக்கலாம் என்று மேலிடத்தின் பதிலும் வந்து சேர்ந்தது. சுவர் விழுந்து மூன்று மாதம் கழித்து, போகிப் பண்டிகையன்று.