இரைச்சல் இல்லாத பால் வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லங்குறிச்சிப் பக்கம் போனவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருக்கலாம். பால் வண்டியின் கேரியரில், கேன்களுக்கு நடுவே, வளர்ந்த ஆள் ஒருவர் உற்சவர் மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்து போனார். கோயிலுக்கு வந்த கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

அது நான்தான்.

வெட்கமாக இருந்ததா? இல்லை. இந்த வயதில் இவ்வளவு பெருமையாக நான் எந்த வண்டியிலும் போனதில்லை.

ராசு என் தங்கை செல்வராணியின் புருஷன். மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் பால் எடுத்து, அரியலூர் டவுனில் கொண்டு போய்ச் சேர்க்கிறவன். அவர்களுக்கு ஒரே மகள், கயல்விழி. திருச்சியில் காலேஜ் படிக்கிறாள். அவளுக்கு அங்கே ரேடியோவில் பேச ஒரு வாய்ப்பு வந்தது. ஞாயிறு காலை, மாட்டுத் தீவனம் பற்றி ஒரு நிகழ்ச்சி. முதல் முதலாக மைக் முன்னால் உட்காரப் போகிறாள்.

ராசுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் அந்த நேரம் அவன் ரோட்டில் இருப்பான். கறந்த பால் காத்திருக்காது. டவுனில் டீக்கடைக்காரர்களும் காத்திருக்க மாட்டார்கள்.

"போன்ல கேளேன் மாப்ள, ஹெட்செட் போட்டுக்கிட்டு" என்றேன்.

ராசு வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து செல்வராணி கத்தினாள். "ஆமா, நல்லா ஐடியா குடு! காதுல அதை மாட்டிக்கிட்டுப் போனா சிமென்ட் லாரிக்காரன் அடிக்கிற ஹாரன் இவருக்கு எங்க கேக்கும்? எமனுக்குத்தான் கேக்கும்."

"அதுவும் இல்லாம மச்சான்" என்றான் ராசு. "ஹெட்செட்ல நான் ஒருத்தன்தானே கேப்பேன்? என் மவ பேசுறதை ஊரு கேக்க வேணாமா?"

அவனே ஒரு வழியும் சொன்னான்.

"வண்டியில ரேடியோ மாட்டிவுடுங்க. சும்மா ரேடியோ இல்ல... சாட்டிலைட் ரேடியோ. வெளிநாட்டுக்காரன் பைக்ல மாட்டியிருக்கறதை போன்ல பாத்தேன்."

நம் நாட்டிலும் அது கொஞ்ச காலம் இருந்தது, பிறகு கடையை மூடிவிட்டார்கள் என்று சொன்னேன். "அதுவுமில்லாம, பொண்ணு பேசப்போறது திருச்சியில. அதைக் கேக்க ஆகாசத்துக்குப் போயிட்டு வரணுமா மாப்ள?"

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பேட்டரி கடை, மைக் செட், லாரி, செட்டிகுளத்தில் வெங்காய மண்டி என்று எங்கேயும் காலூன்றாமல் சுற்றியவன். மைக் செட்டில் இருந்தபோது ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே தூங்கி, சோறு கிடைத்தால் சாப்பிட்டு, பலமுறை ஷாக் வாங்கி... கொஞ்சம் கரண்ட் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஷாக் அடித்த இடத்தில் மறுபடி கை வைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

பைக்கில் ரேடியோ மாட்டுவது சுலபம். கேட்பதுதான் கஷ்டம். இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கில் பொறி அடிக்கிற ஒவ்வொரு முறையும் ரேடியோ அதையும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்து எடுத்துக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் 'கொர்ர்ர்' என்று இரைச்சலும் ஏறும்.

பெரம்பலூர் போய் பழைய கார் ரேடியோ ஒன்று வாங்கி வந்தேன். கூடவே, பொறியின் இரைச்சலை அடக்குகிற மாதிரி உள்ளேயே ரெசிஸ்டர் வைத்த பிளக். ஹாரன் ஒயரில் ஒட்டுப் போடாமல், பேட்டரியிலிருந்தே ஃபியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுத்தேன். ஏரியலை இன்ஜினுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தினேன். ரேடியோவை கேரியரின் முன்பக்கம் பொருத்தினோம். எர்த் ஒயரை கேரியரிலேயே முடுக்கிவிட்டோம். அதுவும் இரும்பு, வண்டியும் இரும்பு... போதாதா?

சனிக்கிழமை பால் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகிற வழியில் ஓட்டிப் பார்த்தோம். பாட்டு அப்படியே பளிங்கு மாதிரி வந்தது. ராசு வண்டியை நிறுத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

ஞாயிறு காலை. ராசு காலி கேன்களோடு முன்னால், நான் என் வண்டியில் பின்னால். தெருமுனை தாண்டியதும் ரேடியோவைப் போட்டான்.

கொர்ர்ர்ர்ர்.

பேசுவது ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. ராசுவின் முகம் சுண்டிப்போனது. "என்ன மச்சான் இது? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

ஒயர்களை அசைத்துப் பார்த்தேன். பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. நின்று பார்க்கவும் நேரமில்லை, அடுத்த வீட்டில் பால் கறந்து வைத்திருக்கிறார்கள். ஒரு வீடு, அடுத்த வீடு என்று பால் வாங்கிக்கொண்டே போனோம். காமாட்சி வீட்டுக்கு வந்தபோது ராசு திடீரென்று சொன்னான்.

"மச்சான், கவனிச்சீங்களா? பால் ஏற ஏற இரைச்சல் கொறையுது."

குடத்தோடு வந்த காமாட்சி சிரித்தார். "என்னா ராசு, உன் ரேடியோவும் பால் குடிக்குதா?"

நான் குனிந்து கேரியருக்கு அடியில் பார்த்தேன். புரிந்துவிட்டது.

பால்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். கேன் ஆடி ஆடிச் சேஸிஸ் தேயக்கூடாதென்று கேரியருக்கு அடியில் பழைய டியூப்பை வெட்டி மெத்தை மாதிரி கொடுத்திருக்கிறான் ராசு. ரப்பர்! பால் நிறைந்தால் பாரத்தில் டியூப் நசுங்கி, இரும்பு இரும்பைத் தொடும். கேன் காலியென்றால் கேரியர் எழும்பிவிடும், எர்த் சரியாகப் பிடிக்காமல் பொறியின் இரைச்சல் உள்ளே புகுந்துவிடும். நாங்களோ நிறை பாலோடு மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினோம்!

எர்த்துக்கும் தனி ஒயர் ஒன்றை நேரே பேட்டரிக்குக் கொண்டு போனால் தீர்ந்தது. ஆனால் பேட்டரி மூடி கேனுக்குப் பின்னால் இருந்தது. கேனைக் கழற்றி, மூடியைத் திறந்து... அதற்குள் நிகழ்ச்சிக்கு முன்னால் வருகிற இசை ஆரம்பித்துவிட்டது, இரைச்சலுக்கு நடுவே.

"மச்சான்..." என்றான் ராசு. அழுதுவிடுவான் போலிருந்தது.

பாரம்தானே வேண்டும்? சுற்றிப் பார்த்தேன். கல் இல்லை. மூட்டை இல்லை. நான் இருந்தேன்.

என் வண்டியைக் காமாட்சி வீட்டு வாசலிலேயே போட்டுவிட்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தேன்.

"அண்ணே, கேனை நசுக்கிப்புடாதீங்க!" என்று காமாட்சி கத்தினார். அவர் சொல்லி முடிக்கும்போது, அதே பெட்டியிலிருந்து, துடைத்துவிட்டது போல ஒரு குரல்.

"நேயர்களுக்கு வணக்கம். நான் கயல்விழி பேசுகிறேன்."

காமாட்சி குடத்தைக் கீழே வைத்தார். "அடி ஆத்தி... நம்ம ராசு மவளா?"

ராசு நிமிர்ந்து உட்கார்ந்தான். வண்டியை எடுத்தான். இவ்வளவு மெதுவாக அவன் ஓட்டி நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வீடு நின்றான். சத்தத்தைக் கூட்டினான். சொம்போடு வந்தவர்கள் சொம்போடு நின்றார்கள். பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர் வாயைக் கொப்பளிக்காமலே கேட்டார். நான் இறங்கவில்லை. இறங்கினால் கயல் போய்விடுவாளே!

"வூட்டுல 'மாட்டுக்கு வக்கல் போட்டியா'ம்பா மச்சான்" என்று ராசு திரும்பாமலே சொன்னான். "இங்க பாருங்க... 'உலர் தீவனம்'ங்கிறா."

ஊர் ஊராய் ஓடியவன் நான். எதிலும் நிலைக்கவில்லை என்று செல்வராணி இன்றைக்கும் ஏசுவாள். ஒரு காரியத்துக்கு ஓட்டம் தேவையில்லை, சும்மா அழுத்தி உட்கார்ந்தால் போதும் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

அன்று மதியமே எர்த் ஒயரை பேட்டரிக்குக் கொண்டு போய்விட்டேன். இப்போது கேன் நிறைந்தாலும் காலியானாலும் இரைச்சல் கிடையாது. பைக்கில் ரேடியோ மாட்ட நினைப்பவர்கள் இதை மட்டும் நினைவில் வையுங்கள் – எர்த் நேரே பேட்டரிக்குப் போகட்டும்.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி முடிந்து டவுனுக்குள் நுழையும்போது கயலிடமிருந்து போன் வந்தது. ராசு ஓரமாக நிறுத்தி, ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, கேட்டீங்களா? எப்டிப்பா இருந்துச்சு?"

ராசு திரும்பினான். கேரியரில் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான்.

"ஒரு இரைச்சல் இல்லம்மா... சுத்தமா இருந்துச்சு."

அந்தப் பாராட்டில் என் பங்கு எழுபத்தெட்டு கிலோ.