அழித்த பாட்டில் ஒரு மூச்சு

இது நடந்தது. நம்பாதவர்களுக்கு என் நோட்டைக் காட்டுவேன். நான் என் ஞாபகத்தையே நம்பாதவள். பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற ரகம். மாலை வகுப்பில் ஒலிப்பதிவு படிக்கிறேன். "நேரம் போடாத குறிப்பு வெறும் வதந்தி" என்று எங்கள் ஆசிரியர் சொன்ன நாளிலிருந்து எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுகிறேன். அதனால்தான் இதையும் சொல்ல முடிகிறது.

பகலில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடத்தில் உதவியாளர் வேலை. அங்கே பாடுகிறவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இன்னும் வெளிவராத அவருடைய புதுப் பாட்டு, அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இணையத்தில் கசிந்துவிட்டது.

மாலை 6:10. மேனேஜர் வந்தார். எதையாவது மென்றுகொண்டேதான் பேசுவார்.

"கசிஞ்சது யாரு காப்பின்னு ஒன்பது மணிக்குள்ள கண்டுபிடி. முடியலைன்னா நீதான்னு வச்சுக்குவேன். நாளையிலருந்து வர வேணாம்."

கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. வரிகளுக்கு நடுவே பாடகர்கள் இழுக்கும் மூச்சை வெட்டி எறிந்துவிடுவோம். ஆனால் முன்கூட்டியே கேட்பதற்காக ஆறு பேருக்கு அனுப்பிய காப்பிகளில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மூச்சை, வேறு வேறு இடத்தில், விட்டுவைத்திருந்தேன். மூச்சு இருக்கிற இடத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம். பட்டியல் என் நோட்டில் மட்டும் இருந்தது.

6:25. அக்கா போன் செய்தார்.

"அக்கா, ரசிகர்களுக்கு நன்றி சொல்லி ஒரு வீடியோ போடலாம்னு சார் சொல்றார்…"

"நன்றியா? நான் மென்னுட்டு இருந்ததை வாய்க்குள்ள கைய விட்டுத் தோண்டித் தின்னிருக்கானுங்க. ருசியா இருந்துச்சான்னு வேற கேக்கணுமா?"

"அப்ப என்னக்கா பண்றது?"

"நெட்டுலருந்து எடுக்கச் சொல்லு. அவ்வளவுதான். திட்டவும் வேணாம், கொஞ்சவும் வேணாம். நம்ம கையால அதை வெளிய விடவே கூடாது. நீயும் அந்தப் பாட்டை ரொம்பக் கேக்காதே."

கடைசி வாக்கியத்துக்கு அடிக்கோடு போட்டு வைத்தேன். ஏன் கேட்கக் கூடாது?

பாட்டின் கீழே இருந்த கருத்துகளைப் படித்தேன். "குரல் தேறாது." "அழுற இடத்தை மட்டும் வெட்டி ரிங்டோன் வச்சுட்டேன்." அடுத்தவர் அழுக்குத் துணிக்கூடையைக் கிளறி, எடுத்து, முகர்ந்து பார்த்து மார்க் போடுகிற கூட்டம். திட்டிக்கொண்டே நானும் ஹெட்ஃபோனை மாட்டினேன். கேட்டவர்களின் எண்ணிக்கை ஒன்று கூடியது. அந்த ஒன்று நான்.

7:05. என் பட்டியலில் இருந்த ஆறு இடங்களிலும் மூச்சு இல்லை. ஆனால் பாட்டின் 2:51-ஆவது நிமிடத்தில், கடைசி வார்த்தைக்குச் சற்று முன்னால், ஒன்று இருந்தது. அதன் பிறகு வந்த கடைசி வார்த்தை பாதியில் உடைந்தது.

நோட்டைப் புரட்டினேன். "14-ஆம் தேதி. ஒன்பதாவது முறை பாடியது. கடைசி வார்த்தை உடைந்தது. அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தார். ஏன்? 11:20: அக்கா சொன்னபடி அழித்தேன். மறுபடி கேட்கவில்லை. காப்பி இல்லை."

ஆறு பேருக்கும் அனுப்பியது பன்னிரண்டாவது முறை பாடியது. அதில் வார்த்தை உடையவில்லை. அப்படியென்றால் கசிந்திருப்பது நான் அழித்தது. அது எப்படிக் கசியும்? சரியாக அழிக்கவில்லையோ? கணினி முழுக்கத் தேடினேன். இரண்டு முறை. இல்லை.

7:40. மறுபடி கேட்டேன். மூச்சு 2:53-இல் வந்தது. முதலில் தப்பாகக் குறித்துவிட்டேனோ?

7:52. 3:02-இல் வந்தது.

அக்காவின் மூச்சுகளை ஆயிரக்கணக்கில் வெட்டியிருக்கிறேன். வீட்டு ஆட்களின் காலடிச் சத்தம் போல எனக்குப் பழக்கம். இது அவருடையது இல்லை. ஈரமான மூச்சு. உதட்டில் எச்சில் ஒட்டிப் பிரிகிற சத்தம் அதில் இருந்தது.

8:14. பதினோராம் முறை. பாட்டு 3:12-இல் முடிந்தது.

மூச்சு 3:15-இல் வந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

ஹ்ஹா…

வலது காதின் மெத்தை நனைந்திருந்தது. காய்ந்த எச்சில் நாற்றம். என் காதிலும்.

எதிரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாடும் அறை. உள்ளே விளக்கு இல்லை. ஆளும் இல்லை.

கண்ணாடியில், மூச்சுப் படிந்தது போல, ஒரு வெள்ளை வட்டம். வாய் உயரத்தில்.

பெரிதானது. சுருங்கியது. பெரிதானது…

சட்டைக் கையால் துடைத்தேன். அந்தப் பக்கத்து ஈரம் இந்தப் பக்கம் துடைத்தால் போகாது. தெரியும்.

போய்விட்டது.

ஈரம் என் பக்கம் இருந்தது.

8:50. கதவு திறந்தது. கத்திவிட்டேன். மேனேஜர்.

"பேயப் பாத்த மாதிரி ஏன் கத்தறே? யாரு காப்பி?"

"ஆறு பேருல யாரும் இல்ல சார். அழிச்ச பாட்டு. தேதி, நேரம் எல்லாம் நோட்டுல இருக்கு…"

"உன் நோட்டை நீயே வச்சுக்கோ. நாலு லட்சம் பேர் கேட்டிருக்கான். அதையே நம்ம பேருல போடு."

"அக்கா வேணாம்னாங்க சார்."

"அக்காவ நான் பாத்துக்கறேன். உனக்கு நாளைக்கு வேலை வேணுமா, வேணாமா?"

சட்டைக் கை இன்னும் நாறிக்கொண்டிருந்தது. அவர் மென்றுகொண்டிருந்தார்.

9:00. பொத்தானை அழுத்தியது நான்தான். நோட்டில் அந்த வரி மட்டும் கோணலாக இருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டு மூன்று முறை காதைக் கழுவினேன். கையை எத்தனை முறை கழுவினேன் என்று எழுதவில்லை.

மறுநாள் காலை 10:30. அக்கா போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஒன்பதாவது தடவை பாடினப்ப நீ எங்க இருந்தே?"

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம்க்கா."

"ம்… நானும் பாத்தேன். கடைசி வார்த்தைக்கு முன்னாடி யாரோ என் கழுத்துல மூச்சு விட்டாங்க. ஈரமா. திரும்பினா ஆள் இல்ல. நீ அங்க குனிஞ்சு எழுதிட்டு இருந்தே."

நோட்டில் 14-ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன்.

"அதனாலதான் அழிக்கச் சொன்னேன். அது அந்த ரூமை விட்டு வெளிய வர வேணாம்னு." பிறகு கேட்டார்: "இப்ப எத்தனை பேர் கேட்டிருக்காங்க?"

பார்த்துச் சொன்னேன். ஒன்பது லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

அக்கா போனை வைத்துவிட்டார். இன்றுவரை பாடவில்லை. பாட்டைக் கசியவிட்டது யார் என்றும் தெரியவில்லை.

அன்று பாட்டின் கீழே முதலில் நின்ற கருத்தை நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். நேரம் 10:34.

"ஹெட்ஃபோனைக் கழட்டி பத்து நிமிஷம் ஆச்சு. அந்த மூச்சு இன்னும் நிக்கல. வேற யாருக்காவது காது ஈரமா இருக்கா?"

அதற்கு ஆயிரத்து இருநூறு பேர் 'ஆமாம்' என்று பதில் போட்டிருந்தார்கள்.