உஷார் சம்பந்தி

என் பேத்திக்கு ஐந்து மாதம். என் கட்டைவிரலைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள். என் தையல் கடைக்குச் சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அவள் கதையைக் கேட்டு முடித்த பிறகுதான் அளவுக்குக் கையைத் தூக்க முடியும். இப்போது சொல்லப்போவது அவளுடைய இன்னொரு தாத்தாவைப் பற்றி. என் மாப்பிள்ளையின் அப்பா.

தெருவில் அவருக்கு உஷார் என்று பேர். எல்லாரும் "வரேன்" என்று சொல்லிப் புறப்படும் இடத்தில் அவர் "உஷார்" என்பார். கல்யாணப் பேச்சுக்கு முதல் தடவை வந்த அன்றைக்கும் செருப்பை மாட்டிக்கொண்டே அதைத்தான் சொன்னார். அப்போது உயிரோடிருந்த என் மனைவி, "திருடன் நுழைஞ்ச வீட்டுக்குச் சொல்ற மாதிரில்ல சொல்லிட்டுப் போறாரு" என்றாள்.

அது அவருடைய தொழில் பேச்சு. குளிர்பானக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் ஒரே நாற்காலி. எதிரே வெள்ளை விளக்குப் பலகை. கழுவின பாட்டில்கள் அதன் முன்னால் வரிசையாக ஓடும். உள்ளே அழுக்கோ கீறலோ இருந்தால் எடுத்துப் போட வேண்டும். வேறு வேலை கிடையாது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்த ஒரே வார்த்தையும் உஷார்தான்.

மகளுக்கு விடுப்பு முடிய ஒரு வாரம் இருந்தது. பகலில் குழந்தையை யார் பார்ப்பது? நானோ கடையில் தனி ஆள். ஓய்வு பெற்ற சம்பந்தி மகள் மாப்பிள்ளையோடு வீட்டில்தான் இருக்கிறார். "நான் பாத்துக்கறேம்மா. எனக்கு வேற என்ன வேலை?" என்று தினமும் கேட்டார். வேண்டாம் என்றால் வெளியூரில் இருக்கும் பெரிய மகனிடம் போய்விடுவதாகவும் சொன்னார். அங்கே மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில் அவருக்காகக் கிடக்கிறது.

மகள் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். "அப்பா, மாமா நேத்து உப்பு டப்பாவைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டுத் தேடினார். கேட்டா ஒண்ணும் இல்லங்கறார். கண்ணு தெரியுதான்னு எப்படியாவது பாத்துடணும்."

அந்த யோசனை என்னுடையது. சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பட்டனைக் குனிந்து குழந்தையின் பாயில் போட்டேன். அவள் எது கிடைத்தாலும் வாயில் வைக்கிற வயது. நானும் மகளும் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவோரம் நின்றோம்.

சம்பந்தி பாய் மேல் விரித்திருந்த துணியைக் கையால் நீவிச் சரிசெய்தார். பட்டன் அவர் விரலில் இருந்தது.

"சம்பந்தி, கடையை வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா?" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். "மாமா, திங்கட்கிழமையிலேருந்து அவ உங்க பொறுப்பு" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டு நான் கடைக்குப் போனேன்.

சாயங்காலம் கடைக்கு வந்தார். மேஜையைத் தடவிப் பார்த்து ஒரு குண்டூசியை வைத்தார்.

"உங்களோடதுதானே?"

நீல மணித்தலை ஊசி. காலர் மடிப்பில் நான் குத்தி வைத்துக்கொள்வது. காலரைத் தொட்டுப் பார்த்தேன். ஊசி இல்லை.

"நீங்க போனதும் பாயில கையை ஊனினேன். குத்துச்சு. புள்ள அதுக்குள்ள தூங்கிட்டா, தப்பிச்சா."

"பட்டனை எடுத்தீங்களே, சம்பந்தி."

"பட்டனை யாரு பாத்தா? ரெண்டு பேரும் திடீர்னு பேச்சை நிறுத்திட்டீங்க. சோதனைன்னு தெரிஞ்சுது. தடவினேன், கிடைச்சுது." ஸ்டூலில் உட்கார்ந்தார். "கம்பெனியிலயும் அதான். எங்களைச் சோதிக்க சூப்பர்வைசர் ஒரு பாட்டில்ல காகிதத்தைப் போட்டு அனுப்புவார். எப்பவும் கத்திக்கிட்டே இருக்கற மனுஷன், அந்த நேரம் மட்டும் வாயை மூடிக்குவார். அவர் வாய் மூடினா நான் கண்ணைத் திறப்பேன். ஒரு தடவைகூட தப்பவிட்டதில்ல. கடிகாரம் பரிசு கொடுத்தாங்க."

"மத்த நேரம்?"

"திறந்துதான் இருந்துச்சு. பாட்டிலைப் பாத்துச்சான்னு கேட்டா சொல்லத் தெரியல. ஒருநாள் உள்ள பிளேடு துண்டோட ஒண்ணு கடைக்கே போயிடுச்சு. என் முன்னால ஓடின பாட்டில்தான் அது. பக்கத்து நாற்காலிக்காரனை வேலையை விட்டு அனுப்பினாங்க. கடிகாரம் வாங்கினவன் மேல யாரு சந்தேகப்படுவா? நானும் வாயைத் திறக்கல."

கண்ணைப் பற்றி அப்புறம் கேட்டேன். நடுவில் கறை விழுந்துவிட்டதாம். எதை நேராகப் பார்த்தாலும் அது காணாமல் போகிறது. ஓரம் மட்டும் தெரியும். இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது.

"பேத்தி முகத்தை இன்னும் சரியாப் பாத்ததில்ல சம்பந்தி. நீங்களே வீட்ல சொல்லிடுங்க."

சொன்னேன். மகள் அழுதாள். அழுதுகொண்டே குழந்தைகள் காப்பகத்துக்குப் போன் செய்தாள்.

திங்கட்கிழமை நானும் சம்பந்தியுமாகப் பேத்தியைக் கொண்டுபோய் விட்டோம். அவர் பால் பாட்டில் பையைச் சுமந்து வந்தார். அன்று மத்தியானமே பெரிய மகன் ஊருக்கு அவருக்கு ரயில். காப்பக அம்மா குழந்தையையும் பையையும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். சம்பந்தி கையை ஆட்டினார். கதவு சாத்தினது அவருக்குத் தெரியவில்லை.

"உள்ள போயிட்டாளா?"

"போயிட்டா. வாங்க."

படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அந்தம்மாகிட்ட உஷாரா இருக்கச் சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன்.

சொல்லவில்லை.