வலேரியாவின் குரலைத் தேடி இலஞ்சிக்கு

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்குச் செங்கோட்டை ரயில் தென்காசியில் நின்றது. பெட்டியை விட்டு இறங்கியதுமே முகத்தில் சாரல் அடித்தது. முந்தைய நாள் எழும்பூரில் ஏறும்போது புடவை வியர்த்து முதுகில் ஒட்டியிருந்தது. இங்கே சால்வை எடுத்து வராமல் போனோமே என்று இருந்தது.

நான் குற்றாலச் சீசனுக்குக் குளிக்க வரவில்லை. வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது என் பிழைப்பு. பத்து மாதமாக ஒரு ரோமானியச் சரித்திரத் தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு பகுதி, மொத்தம் நாற்பது. வலேரியா என்ற விதவை. அவளுடைய ஒரே மகன் காயஸ் படைவீரனாக வடக்கு எல்லைக்குப் போகிறான். வலேரியாவுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் கோமதியக்கா. முப்பத்தொன்பது பகுதிகளைப் பேசி முடித்தவர், கடைசிப் பகுதிக்குச் சென்னைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு. "வேற குரலைப் போட்டுடலாம்" என்றார் இயக்குநர். வியாழன் மாலைவரை பொறுக்கச் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

நிலையத்திலிருந்து இலஞ்சி நாலு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது கேட்டார்.

"சீசன்லா, பாத்துக் குடுங்க" என்ற ஓட்டுநர், நான் போகும் வீட்டைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார். "கோமதியக்கா வீடா? அந்த ரோமாபுரி நாடகத்துல பேசுதாங்கள்லா! அது ஓடும்போது எங்க வீட்டுல சோறு கேட்டா கெடைக்காது."

அதன்பின் நூற்றிருபதுதான் வாங்கிக்கொண்டார்.

தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. கோமதியக்காவின் கணவர் சுப்பையா அண்ணாச்சி வாசலில் நின்றார். சென்னையில் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம்தான் இருவரும் சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். மாதம் இரண்டு முறை அக்கா ரயிலேறி வந்து குரல் கொடுத்துவிட்டுப் போவார்.

"எதுக்கு வந்தியன்னு கேக்க மாட்டேன்மா. அவகிட்டயே பேசுங்க" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அக்கா காபி தந்தார், இட்லி தந்தார். "எல்லாம் பேசலாம்ட்டி. அதப் பத்தி மட்டும் பேசாத" என்றார். பேசவில்லை. பகல் முழுக்கச் சாரல் விட்டுவிட்டு விழுந்தது. இலஞ்சிக் குமாரர் கோயிலுக்குப் போனோம். வயல் வரப்பில் நடந்தோம். மாலை நாலு மணிக்கு அவராகவே ஆரம்பித்தார்.

"எம் மவன் கதிரேசன் பட்டாளத்துல இருக்கான், தெரியும்லா?"

"தெரியும்க்கா."

"இப்பம் பனி மலைல போட்டிருக்கு. பத்து நாளைக்கு ஒருக்கா பேசுதான். இந்தத் தடவ பதினாலு நாளாச்சு. நீ அனுப்புன தாளைப் படிச்சேன். ஒரு வீரன் மகனோட சாம்பலக் கொண்டு வந்து தாய் கையில குடுக்கான். அவ என்ன சொல்லுதா? 'மாண்டு போனான் என் பிள்ளை.' அத என் வாயால சொல்லச் சொல்லுத. மாட்டேன்ட்டி."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வரியை எழுதும்போது நான் பார்த்தது திரையில் அந்த நடிகையின் உதடுகளை மட்டும்தான். 'ம' என்று மூடித் திறக்கும் வாய், பிறகு இரண்டு முறை 'ப'வுக்குச் சேரும் உதடு. மாண்டு, போனான், பிள்ளை. கச்சிதமாகப் பொருந்தியது என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். யார் வாய் அதைச் சொல்லப்போகிறது என்று யோசிக்கவேயில்லை.

"வேண்டாம்க்கா. வேற ஆள் பேசட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். மறுநாள் மாலை ரயிலுக்குச் சீட்டு இருந்தது.

வியாழன் காலை ஐந்தரைக்கு அக்கா எழுப்பினார். "குத்தாலத்துக்கு வந்துட்டுக் குளிக்காமப் போவியா?"

குற்றாலம் மூன்று கிலோமீட்டர்கூட இராது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பேரருவிக்குப் போகும் வழியெங்கும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், நேந்திரங்காய் வறுக்கிற சட்டிகள், ரம்புட்டான் கூடைகள். கால் கிலோ ரம்புட்டான் எண்பது ரூபாய். பெண்கள் பக்கத்தில் அந்நேரத்துக்கே வரிசை நின்றது. அருவிச் சத்தத்தில் அடுத்தவர் பேச்சு கேட்காது.

முன்னால் ஒருத்தி வரிசையை மீறிப் புகுந்தாள். "ஏட்டி, நாங்கள்லாம் வேடிக்க பாக்கவா நிக்கோம்?" என்று அக்கா ஒரு சத்தம் போட்டார். அருவியையும் மீறிய குரல். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"வலேரியா கொரலுல்லா!" என்றாள் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருத்தி. சிவகிரியிலிருந்து வேனில் வந்திருந்தாளாம். அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, எம் மவனும் பட்டாளத்துலதான் இருக்கான். ஒங்க நாடகத்த ஒரு நாள் விட மாட்டேன். நீங்க அழாமப் பேசுதத கேட்டாத்தான் எனக்குத் தெம்பு. அந்தக் காயஸ் பய நாளைக்குத் திரும்பி வந்துருவானா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நாளைக்குத் தெரியும்" என்றார் அக்கா.

"எதுவானாலும் நீங்க சொல்லிக் கேட்டுக்கிடுதேன்" என்றாள் அவள்.

நாங்கள் குளித்தோம். தலையிலும் தோளிலும் தண்ணீர் அறைந்தது. வெளியே வந்து துவட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா கேட்டார்: "அந்த வரிய மாத்த முடியுமாட்டி?"

அங்கேயே, ஒரு சிப்ஸ் கடை ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். அரை மணி நேரத்தில் ஒன்று கிடைத்தது: 'மெல்ல... பத்திரம். என் பிள்ளை.' உதடும் பொருந்தியது, சாவு என்ற சொல்லும் இல்லை. அக்கா தலையாட்டினார்.

தென்காசியில் கடை விளம்பரங்களும் கோயில் கொடைத் திருவிழா அறிவிப்புகளும் பதிவு செய்கிற ஒரு சின்ன ஒலிக்கூடம் இருந்தது. ஜாகிர் என்பவர் நடத்துகிறார். மணிக்கு எழுநூறு ரூபாய். நான் மடிக்கணினியில் கொண்டுவந்திருந்த பகுதியை ஓட்டிப் பதினொரு மணிக்குத் தொடங்கினோம். மற்ற காட்சிகள் இரண்டு மணிக்குள் முடிந்தன. கடைசியில் அந்தக் காட்சி. திரையில் படைவீரன் ஒருவன் மண்கலயத்தை நீட்டினான். "மெல்ல... பத்திரம். என் பிள்ளை" என்றார் அக்கா. சரியாகவே இருந்தது. ஜாகிர் கட்டை விரலை உயர்த்தினார்.

அக்கா ஹெட்போனைக் கழற்றினார்.

"இது கலயத்தத் தூக்கிட்டு வந்தவங்கிட்டச் சொல்லுதது. அவளுக்கு வந்திருக்கது மகன்லா?"

"வேற எதுவும் பொருந்தலையேக்கா."

"லீவுல வந்து எறங்குத பயகிட்ட தாய்க்காரி மொதல்ல என்ன சொல்லுவா?"

அவர் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஜாகிரை ஓட்டச் சொன்னார். கலயம் வந்தது. வலேரியா இரு கையாலும் வாங்கினாள். அதன் கனத்தைப் பார்த்தாள்.

"மெலிஞ்சு போயிட்டியேப்பா."

நாற்பது பகுதியிலும் ரோமானியர் எல்லாரும் நான் எழுதிய செந்தமிழில்தான் பேசினார்கள். இந்த ஒரு வரி மட்டும் இலஞ்சியிலிருந்து வந்தது. உதடு இம்மி பிசகவில்லை. ஜாகிர் பதிவை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து அக்கா போனை எடுத்து மகனுக்கு அடித்தார். இணைப்பு கிடைக்கவில்லை. மீண்டும் அடித்தார். இல்லை. "நான் செஞ்சது தப்பாட்டி?" என்றார். முகம் வெளிறியிருந்தது. அழைத்துப்போக வந்திருந்த சுப்பையா அண்ணாச்சி குடையோடு அருகில் போய் அவர் தோளில் கை வைத்து, "பனி பெய்யும். டவர் இருக்காது. வா" என்று கூட்டிப்போனார். நான் அவர்களோடு இலஞ்சிக்குத் திரும்பவில்லை. பதிவை அனுப்பிவிட்டு, ஆறரை மணி ரயிலுக்காக நிலையத்தில் காத்திருந்தேன். இரண்டு நாளில் ஒரு தடவையும் மலையை முழுசாகப் பார்க்கவில்லை. மேகம் இறங்கியே கிடந்தது.

கடையநல்லூர் தாண்டும்போது இயக்குநர் கூப்பிட்டார். "வரி மாறியிருக்கே?"

"உதடு பொருந்துது சார்."

அவர் அந்த வரியை மறுபடி போட்டுக் கேட்பது போனிலேயே காதில் விழுந்தது. "இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கியபோது வெயில் அதற்குள் ஏறிவிட்டிருந்தது. வீட்டுக்கு ஆட்டோ இருநூற்றைம்பது ரூபாய். இங்கே நான் யார் வீட்டுக்குப் போகிறேன் என்று எந்த ஓட்டுநரும் கேட்பதில்லை. பூட்டைத் திறக்கும்போது போன் அடித்தது. கோமதியக்கா.

"பய பேசிட்டான்ட்டி! இப்பத்தான். பாதை அடைச்சுக் கெடந்துச்சாம். காலெல்லாம் வெறைக்குதாம்."

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "நாடகத்தப் பத்திச் சொன்னீங்களாக்கா?"

"இன்னைக்கு ராத்திரி டிவி கிட்டப் போவாதலேன்னேன். அங்கன டிவியே கெடையாதும்மான்னு சிரிக்கான்."

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், வலேரியா நாற்பது பகுதியிலும் அழாத அழுகையை அழுதார். முடியும்வரை நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.