பதினொரு பாகை

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்குச் செய்தி வந்தது. பதுளையில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில், மறுநாள் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டிய எட்டு அளவுக் கருவிகளையும் சார்ஜில் போட்டிருந்தேன். தம்பையா மாமா போனில் அதிகம் பேசுகிறவர் அல்ல.

"அத்த போயிட்டா, பாப்பா" என்றார்.

எங்கே என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அங்கம்மா அத்தை எப்போதும் விடியும் முன்பே எங்காவது கிளம்பிவிடுகிறவள். மாமா மறுபடியும் அதையே சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது.

திங்கள் இரவே அவளுக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. மாமா கேட்டதற்கு வாயு என்றிருக்கிறாள். இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். தன் உடம்பைப் பற்றி யார் கேட்டாலும் உண்மை சொல்வதில்லை என்ற பழக்கத்தை அவள் கடைசிவரை விடவில்லை. ஒருமுறை கை மரத்துப்போகிறது என்று நான்தான் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். "ஒண்ணும் இல்லங்க, சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவளோடு பேசவில்லை. அவள் மரத்துப்போன கையை உதறிக்கொண்டே வந்தாள்.

அத்தைக்கு ஐம்பத்து நான்கு வயது. பெரகலைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில்தான் பிறந்தாள். பதினேழு வயதில் பேர் பதிந்து, முப்பத்தேழு வருடம் அதே மலைகளில் கொழுந்து எடுத்தாள். அதற்குள் பிரம்புக் கூடை போய் நைலான் சாக்கு வந்தது. அதைத் தாங்கும் கயிறு மட்டும் இடம் மாறவில்லை, உச்சந்தலையில்தான். அந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு அவளுக்கு முடி இல்லை. போட்டோ எடுக்கும் நாட்களில் பக்கத்து முடியை இழுத்து அதன்மேல் வாரிவிடுவாள்.

நான் வேலை செய்வது தேசிய ஆய்வுகூடம் ஒன்றில், கள உதவியாளராக. பணிச்சூழலியல் என்று பலகையில் பெரிதாக எழுதியிருக்கும். வேலை செய்கிறவரின் உடம்பு கெடாதபடி கருவியையும் வேலை முறையையும் மாற்றுவதுதான் எங்கள் வேலை என்று அத்தையிடம் விளக்கினேன்.

"அப்ப மலைய மட்டமாக்கித் தருவீங்களா?" என்று கேட்டாள்.

மலையை அல்ல, சாக்கை மாற்றப் பார்க்கிறோம் என்றேன். தோளிலும் இடுப்பிலும் பாரம் இறங்குகிற மாதிரி ஒரு பை தயாராகியிருந்தது. தலைக்கயிறு உடம்பை எவ்வளவு வளைக்கிறது என்பதை முதலில் அளக்க வேண்டும். பாதிப்பு அதிகம் என்று தெரிகிற தோட்டத்துக்குத்தான் அந்தப் பைகள் பரீட்சைக்கு வரும். எங்கள் தோட்டத்தில் அளக்க எட்டுப் பெண்களைத் தேர்ந்தோம். அத்தையும் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் சிவசக்தி அக்காவும் அதில் இருந்தார்கள்.

அளக்கப் போன அன்று காலை நடந்ததை இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் அத்தை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டிலேயே எல்லோருக்கும் உத்தரவு போட்டுவிட்டாள். கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், கூனிக் குறுகி நடந்து மானத்தை வாங்காதீர்கள் என்று. எட்டுப் பேரும் பூப்போட்ட சேலையில் வந்து நின்றார்கள். சாக்கு உப்பலாகத் தெரிந்தது. உள்ளே அமுக்காத கொழுந்து, ஐந்து கிலோ இருந்தால் அதிகம். முதுகில் கருவியை ஒட்டினோம். அத்தை முன்னால் நடந்தாள், பால்குடம் எடுத்துக் கோயிலுக்குப் போகிறவள் மாதிரி, தாடையை நிமிர்த்திக்கொண்டு. மற்ற ஏழு பேரும் அவள் பின்னால் அப்படியே நடந்தார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு எட்டுப் பேரும் எங்கேயும் இல்லை என்றார்கள்.

எங்கள் பொறியியலாளர் ஸஜீதா பண்டாரவளைப் பெண். கணினித் திரையில் முதுகு வளைந்த கோணத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பதினொரு பாகை. ஒங்கட அத்தைக்கு முதுகுக்குள்ள என்ன, இரும்புக் கம்பியா?"

திரும்பும் வழியில் பெரகலைச் சந்தியில் தேநீர் குடிக்கும்போது அவளிடம் உண்மையைச் சொன்னேன். நம்பினாள். ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக அளவை அழிக்க முடியாதாம். அளக்கப்பட்ட ஆளே மறுபடி அளக்கச் சொல்லி ஒப்பமிட வேண்டும், அதுவும் இரண்டு வாரத்துக்குள். இல்லாவிட்டால் இந்தத் தோட்டத்தில் பாதிப்பு இல்லை என்று அறிக்கை போகும். பைகள் வேறு மாகாணத்துக்குப் போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படிவங்களோடும் ஒரு மாதிரிப் பையோடும் அத்தை வீட்டுக்குப் போனேன். பகல் முழுக்கக் கெஞ்சினேன். அத்தை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள். வலிக்கிறது என்று சொன்னால் இயலாதவள் என்று பேரை வெட்டிவிடுவார்கள் என்றாள். தோட்டத்துக்குப் பெயர் போகாது, இலக்கம் மட்டும்தான் என்றேன். அதற்கும் அவள் அசையவில்லை.

"நான் கூனின்னு கொழும்புல எழுதி வைக்கவா ஒன்னய படிக்க வச்சோம்?"

எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. பையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, உங்களுக்கு வர வேண்டியது இதுதான், வேறு யாருக்கோ போகட்டும் என்றேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அவர் அந்த வீட்டில் முப்பது வருடம் தாக்குப்பிடித்தது இப்படித்தான்.

அத்தை கொஞ்ச நேரம் பையைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் படங்கைக் கட்டினாள். செடி குத்தாமல் சேலைக்கு மேல் சுற்றுகிற அந்த முரட்டுத் துணி இல்லாமல் யாரும் மலைக்குப் போவதில்லை. அதன்மேல் பையை மாட்டினாள். வாசலில் இறங்கி நாலு எட்டு நடந்தாள். இல்லாத செடியில் இல்லாத கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேல் எறிந்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஓர் எரிச்சல்.

"இத செஞ்சவன் ஒரு நாளாச்சும் கொழுந்து எடுத்திருக்கானா? இடுப்புக் கொக்கி படங்குல மாட்டுது. பையோட வாயி கீழ கெடக்குது. எறியிற கொழுந்துல பாதி மண்ணுல விழும். நிறுக்கையில நீயா வந்து ஈடு கட்டுவ?"

ஆய்வுகூடத்தில் நான்கு பேர் ஏழு மாதம் உட்கார்ந்து வரைந்த பை அது. படங்கைக் கட்டிக்கொண்டு மாட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. லயத்தில் பிறந்த எனக்கும்தான்.

பை இங்கே வந்தால்தான் குறை சொல்ல முடியும், நீங்கள் நிஜமாக நடந்து காட்டினால்தான் பை இங்கே வரும் என்றேன். அவள் யோசித்தாள்.

"அப்ப நான் கூனிக்கிட்டு நடந்தாத்தான் அந்தக் கொக்கிய மாத்துவாங்க?"

"ஆமா அத்த."

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்றாள். பகல் முழுக்க நான் வேறு என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மறு அளவுக் கோரிக்கையில் உடனே ஒப்பமிட்டாள். புதன்கிழமை என்று நாள் குறித்தேன், மற்ற ஏழு பேரையும் அன்றே கேட்டுக்கொள்ளலாம் என்று. அடுத்தது ஓர் உடம்பின் பின்புறம் வரைந்த தாள். வலிக்கிற இடத்தில் எல்லாம் பெருக்கல் குறி போட வேண்டும். டிவிக்கு மட்டும் போடும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படத்தை நெடுநேரம் பார்த்தாள். கழுத்தில் ஒரு குறி போட்டாள். வலது தோளில் ஒரு குறி. பேனா கொஞ்சம் கீழே இறங்கியபோது, பைப்பில் தண்ணீர் வந்துவிட்டதென்று சிவசக்தி அக்கா வெளியிலிருந்து கூப்பிட்டார். அத்தை தாளை என்னிடம் நீட்டிவிட்டு வாளியைத் தூக்கினாள்.

"மிச்சத்தப் பொதன்கெழம மலையில வச்சிப் போடுறேன்."

இரண்டு நிமிடம் உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் இருபது நிமிடம் வரும் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கடைசி பஸ் இருந்தது. தாளை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அவளை மயானத்துக்கு எடுத்தோம். சிவசக்தி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, மறுபடி எப்போது அளப்பீர்கள் என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. இப்போது அதுவா என்றேன்.

"அவதான் திங்கக்கெழம பெரட்டுல சொன்னா. பொதன்கெழம யாரும் நடிக்காதீங்கடி, கொக்கிய மாத்தணும்னா. ஏழு பேரும் கையெழுத்துப் போடுறோம்."

அடுத்த திங்கட்கிழமை ஏழு பேரும் பழைய சேலையில், படங்கு கட்டி, பதினெட்டுக் கிலோவோடு ஏறினார்கள். அடிக்கு அடி மூச்சு வாங்கியது கேட்டது. முப்பத்து நான்கு பாகையிலிருந்து நாற்பத்தொன்று வரை வந்தது. ஸஜீதா ஒவ்வோர் எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்துக் குறித்துக்கொண்டாள். பைகள் எங்கள் தோட்டத்துக்கே வருகின்றன. கொக்கியைப் பக்கவாட்டுக்கு மாற்றுகிறார்கள், பையின் வாய் நான்கு அங்குலம் உயர்கிறது.

அத்தையின் அளவை மட்டும் யாராலும் திருத்த முடியாது. அறிக்கையின் பின்னிணைப்பில் இலக்கம் மூன்றுக்கு நேரே பதினொரு பாகை என்றே இருக்கும். முப்பத்தேழு வருடம் நிமிர்ந்தே நடந்தவள் என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவளும் அதைத்தான் விரும்பியிருப்பாள். அதுதான் தாங்கவில்லை.

மடித்த தாள் என்னிடம் இருக்கிறது. கழுத்தில் ஒரு குறி, வலது தோளில் ஒரு குறி. நடுமுதுகில், பேனாவை வைத்து எடுத்த இடத்தில், ஒரு நீலப் புள்ளி. அதற்குக் கீழே இடுப்பும் முழங்காலும் குதிகாலும் குறிக்கப்படவில்லை.